உங்கள் தெருவில் இருக்கும் காலி இடம்... யாருடையது தெரியுமா?

சென்னைப் புறநகரில் எங்கள் தெருமுனையில் ஒரு காலி இடம். ஆறு கார்கள், கட்டட இடிபாடு, நடுவில் சீமைக் கருவேலம். அதற்கு எதிரே ரோட்டில் பிள்ளைகள் கிரிக்கெட் ஆடுவார்கள். வண்டி வந்தால் ஸ்டம்பைத் தூக்கி ஓரமாக வைப்பார்கள். வெளிநாட்டில் இருக்கும் யாரோ ஒருவருடைய மனை என்றுதான் வருஷக்கணக்காக நினைத்திருந்தோம். பக்கத்து வீட்டு மாமா வீட்டுக்கடனுக்காக லேஅவுட் வரைபடத்தை எடுத்தார். அந்த இடத்தில் 'பூங்கா' என்று எழுதியிருந்தது!

இதைத்தான் ஓ.எஸ்.ஆர் நிலம் என்கிறார்கள். திறந்தவெளிக்காக ஒதுக்கிய இடம். 10,000 சதுர மீட்டருக்கு மேல் மனை பிரித்தால், சாலைகள் போக மீதியில் 10 சதவிகிதத்தை உள்ளாட்சிக்குத் தானமாக எழுதிக் கொடுத்தாக வேண்டும். 3,000 முதல் 10,000 சதுர மீட்டர் வரை என்றால் இடமாகத் தரலாம், அல்லது அதன் மதிப்பைப் பணமாகக் கட்டலாம். சும்மா எதற்கு நிலம் தர வேண்டும் என்று இதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். விதி செல்லும் என்று 2023 பிப்ரவரியில் தீர்ப்பு வந்துவிட்டது.

ஆனால், வரைபடத்தில் பூங்கா என்று இருந்தால் மட்டும் போதாது. தானப் பத்திரம் பதிவாகியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பதிவுத்துறை இணையதளத்தில் சர்வே எண்ணைப் போட்டு வில்லங்கச் சான்று எடுத்தால் தெரிந்துவிடும். நில ஆவணத்தில் உள்ளாட்சியின் பெயர் ஏறியிருக்கிறதா என்பதையும் பாருங்கள். பழைய உரிமையாளர் பெயரே நீடித்தால், அந்த இடம் ஒருநாள் கைமாறிவிட வாய்ப்பிருக்கிறது. ஊஞ்சல், சறுக்குமரம் எல்லாம் இதற்கப்புறம்தான்.

பத்திரம் சரியாக இருந்தால் கவுன்சிலரிடம் மனு கொடுக்கலாம். 2022-ல் வந்த விதிகளின்படி நடக்கும் ஏரியா சபைக் கூட்டத்திலும் எழுந்து கேட்கலாம். மக்கள் ஒரு பங்கு போட்டால் மீதியை அரசு தரும் 'நமக்கு நாமே' திட்டமும் இருக்கிறது.

எங்கள் தெருவில் நிஜமான சிக்கல் ஆரம்பித்ததே இங்கேதான். பெரியவர்களுக்கு நடைபாதையும் பெஞ்சும் வேண்டும். பையன்களுக்கு நடுவில் ஒன்றுமே இருக்கக் கூடாது, பந்து ஓட வேண்டும். கார் வைத்திருப்பவர்கள் வாயே திறக்கவில்லை. பிளஸ் டூ படிக்கும் ஒரு பெண் கேட்டதுதான் யாருக்கும் தோன்றாதது. சுவரை உயரமாகக் கட்டாதீர்கள், ரோட்டிலிருந்து உள்ளே தெரிய வேண்டும், விளக்கு வேண்டும், இல்லையென்றால் நாங்கள் வர மாட்டோம் என்றாள். காலையிலும் மாலையிலும் சில மணி நேரம் திறந்துவிட்டுப் பூட்டுப் போடும் பூங்காக்களைப் பார்த்திருக்கிறேன். சாவி யாரிடம் என்பதையும் இப்போதே பேசிவிடுவது நல்லது.

இன்னொன்று, மழைநீர். எங்கள் இடம் பள்ளம். மண் கொட்டி மேடாக்கலாம் என்று சிலர் சொன்னார்கள். அப்படிச் செய்தால் நவம்பரில் தண்ணீர் வீட்டுக்குள்தான் வரும். சென்னை மாநகராட்சி சில பூங்காக்களில் குளம் வெட்டி, சுற்றுவட்டார மழைநீரை இறக்கி 'ஸ்பாஞ்ச் பார்க்' ஆக்கியிருக்கிறது. பள்ளத்துக்கு அதுதான் பொருத்தம். சுற்றிலும் புங்கை, வேம்பு, பூவரசு நட்டால் நிழலுக்கு ஆச்சு. முதல் இரண்டு கோடையில் தண்ணீர் ஊற்ற ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

போன மாதம் மனு கொடுத்தோம். 42 வீட்டுக் கையெழுத்து. அதில் இரண்டு பேர் அங்கே கார் நிறுத்துபவர்கள். ஒருவர் வண்டியை எடுத்துவிட்டார். மற்றவர், வேலை ஆரம்பிக்கட்டும், எடுத்துவிடுகிறேன் என்கிறார்.