காடிக்குள் வரும் கெட்ட வாடை

காலையில் காடிக்குள் ஏறி, கண்ணாடியை ஏற்றிவிட்டு ஏர்கோனைப் போட்டவுடன் குப்பென்று ஒரு வாடை. ஈரத்துணியை இரண்டு நாள் வாளியிலேயே போட்டு வைத்தால் வருமே, அந்த வாடை. "பழைய காடிதானே, அப்படித்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டு, கடையில் ஒரு வாசனைப் புட்டி வாங்கித் தொங்க விடுகிறோம். இரண்டு வாடையும் ஒன்றாகச் சேர்ந்து தலைவலிதான் மிச்சம்.

அன்பான தொழிலாளர் குடும்பத்தினரே! பிள்ளையைக் கிளினிக்குக் கொண்டு போவதும், பட்டணத்துக்குச் சாமான் வாங்கப் போவதும் இந்தப் பழைய புரோட்டோனிலும் கஞ்சிலிலும்தான். அடைத்த காடிக்குள் இழுக்கும் மூச்சு நெஞ்சுக்குள்தானே போகிறது?

டேஷ்போர்டுக்குப் பின்னால், காற்றைக் குளிர வைக்கும் சுருள் ஒன்று இருக்கிறது. போமன்கள் அதைக் 'கூலிங் கோயில்' என்பார்கள். பெயரைக் கேட்டுக் கும்பிட வேண்டாம், அது அலுமினியச் சுருள்தான். ஐஸ் தண்ணீர் வைத்த கிளாசின் வெளியே வேர்க்கிறதல்லவா, அதே மாதிரி இதுவும் வேர்க்கும். அந்த ஈரத்தில் செம்மண் தூசியும் இலைத்தூளும் ஒட்டிக்கொள்ளும். இருட்டு, ஈரம், அழுக்கு மூன்றும் இருந்தால் பூஞ்சைக்கு வேறென்ன வேண்டும்? காற்றாடி சுற்றும்போது அந்த வாடையும் பூஞ்சைத் துகளும் நம் முகத்தில் வந்து அடிக்கின்றன. ஆஸ்துமா உள்ளவர்களுக்கு இதனால் இழுப்பு கூடும். சில பேருக்குத் தும்மலும் கண் அரிப்பும் வரும்.

இதற்குக் காசு செலவில்லாத வழி ஒன்று உண்டு. வீடு போய்ச் சேர ஐந்து நிமிடம் இருக்கும்போதே ஏர்கோனை மட்டும் நிறுத்திவிட்டு, காற்றாடியை ஓட விடுங்கள். சுருள் காய்ந்துவிடும். இதைத் தினமும் செய்தால் வாடை மறுபடி கிளம்புவது நன்றாகக் குறையும்.

ஏர்கோன் ஓடும்போது காடிக்கு அடியில் தண்ணீர் சொட்டுகிறதா என்றும் குனிந்து பாருங்கள். சொட்டினால் நல்லது. சொட்டாமல், முன்சீட்டுக் கால்மிதி நனைந்திருந்தால் தண்ணீர்க் குழாய் அடைத்துக்கொண்டது என்று அர்த்தம். போமனிடம் சொன்னால் சீக்கிரம் எடுத்துவிடுவார். முன்கண்ணாடிக்குக் கீழே உள்ள கம்பி இடுக்கில் சேரும் இலைகளைக் கையால் பொறுக்கி எறியுங்கள். வெளிக்காற்று அந்த வழியாகத்தான் உள்ளே வருகிறது. புதிய காடிகளில் சாமான் வைக்கும் சிறு பெட்டிக்குப் பின்னால் காற்று வடிகட்டி இருக்கும். அது கறுத்துவிட்டால் மாற்ற வேண்டும். பழைய காடிகள் பலவற்றில் அது கிடையாது, இல்லையே என்று தேடாதீர்கள். இவ்வளவும் செய்தும் வாடை போகவில்லையென்றால் சுருளைக் கழுவத்தான் வேண்டும். காற்று வரும் துளையில் பிளீச்சை ஊற்றுகிற வேலை மட்டும் வேண்டாம். அது நெஞ்சை எரிக்கும், அலுமினியத்தையும் அரிக்கும்.

செம்பனைக் காட்டின் ஓரத்தில் காடியை நிறுத்துகிறவர்களுக்கு எலித் தொல்லையும் உண்டு. எலி காற்றுக்குழாய்க்குள் கூடு கட்டும், சில சமயம் அங்கேயே செத்தும் போகும். மூக்கைப் பொத்த வைக்கும் நாற்றம் அடித்தால் முதலில் அதைத்தான் சந்தேகப்பட வேண்டும். வெறுங்கையால் எடுக்காதீர்கள், உலர்ந்த புழுக்கையைக் கூட்டிப் பெருக்கவும் வேண்டாம். கதவுகளைத் திறந்து வைத்து அரைமணி நேரம் காற்றோட விடுங்கள். ரப்பர் கையுறை போட்டுக்கொண்டு, ஒரு பங்கு பிளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து, அந்த இடத்தை ஐந்து நிமிடம் நனைய விட்டுத் துடையுங்கள். எலியின் சிறுநீர், கையில் உள்ள சிறு வெட்டுக்காயம் வழியாகக்கூட எலிக்காய்ச்சலைக் கொடுக்கும். அதன் பிறகு சில நாளிலோ இரண்டொரு வாரத்திலோ காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் கண் சிவப்பும் கண்டால், "எலி செத்த இடத்தைத் துடைச்சேன் டாக்டர்" என்று மறக்காமல் சொல்லுங்கள்.

அடுத்தது, வாடையை அடக்குவதற்காக நாமே உள்ளே வைக்கிற நஞ்சு. கரப்பான் வராது, வாடையும் தெரியாது என்று சீட்டுக்கு அடியில் பாச்சை உருண்டை போடுகிறவர்கள் நம்மில் இருக்கிறார்கள். கடையில் 'உபாட் கெகாட்' என்று கேட்டு வாங்குகிறோமே, அதுதான். வெயிலில் நின்ற காடிக்குள் அது சீக்கிரமாக ஆவியாகும். நம் நாட்டில் பிள்ளை பிறந்தவுடன் தொப்புள்கொடி இரத்தத்தை எடுத்து 'ஜி-6-பி-டி' குறை இருக்கிறதா என்று பரிசோதிப்பார்கள். அந்தக் குறை உள்ள பிள்ளை, நாப்தலீன் கலந்த உருண்டையின் ஆவியைச் சுவாசித்தாலும் இரத்தச் சிவப்பணுக்கள் உடைந்து போகக்கூடும். முகம் வெளுக்கும், கண் மஞ்சளாகும், சிறுநீர் தேத்தண்ணி நிறத்தில் போகும். பச்சைக் குழந்தைக்கு மஞ்சள் காமாலை முற்றினால் மூளையையே பாதிக்கும். "ஒரு உருண்டைதானே, என்னா ஆகப் போவுது" என்று பாட்டிமார்கள் சொல்வார்கள். பாட்டி சொல் எத்தனையோ சரி, இது சரியில்லை.

அதற்குப் பதிலாக, பழைய டாக்சிக்காரர்கள் செய்த மாதிரி பாண்டான் இலையை ஒரு கட்டு கட்டிப் பின்சீட்டுக்கு மேலே வையுங்கள். காய்ந்ததும் மாற்றுங்கள். ஒட்டுப்பால் மூட்டை ஏற்றி நாறிப்போன காடி என்றால், ஆப்பச்சோடாவை மெத்தையில் தூவி, இரவு முழுக்க விட்டுக் காலையில் உறிஞ்சி எடுக்கலாம். டுரியானுக்கு மட்டும் என்னிடம் மருந்து கிடையாது, ஜன்னலைத் திறந்து ஓட்டுங்கள்! மருந்து தெளித்த உடுப்பையும் பூட்சையும் பிள்ளைகள் உட்காரும் சீட்டில் போடாதீர்கள். பாராகுவாட் 2020-ஆம் ஆண்டிலிருந்து நம் நாட்டில் தடைசெய்யப்பட்டது. மற்ற களைக்கொல்லிகள் இன்னும் தோட்டத்தில் இருக்கத்தான் செய்கின்றன.

சில வாடைகளுக்கு வீட்டு வைத்தியமே கூடாது. பெட்ரோல் வாடை, கருகல் வாடை, புகை வாடை இவற்றில் எது வந்தாலும் காடியை ஓரங்கட்டி, எஞ்சினை நிறுத்தி, எல்லாரையும் இறக்கிவிட்டுப் பட்டறைக்குச் சொல்லி அனுப்புங்கள். ஓட்டைப் புகைக்குழாயிலிருந்து கார்பன் மோனாக்சைடு உள்ளே வரலாம். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தலை வலிக்கும், வாந்தி வரும், பிறகு தூக்கம் தூக்கமாக வரும். இரவு வேலை முடிந்த அசதியில் எஞ்சினை ஓடவிட்டு, ஏர்கோனைப் போட்டு, கண்ணாடியை ஏற்றிவிட்டுத் தூங்கியவர்கள் காலையில் எழாமலே போன செய்திகளைப் பத்திரிகையில் படித்திருக்கிறோம். கண்ணைச் சுற்றினால் எஞ்சினை நிறுத்தி, கண்ணாடியை இறக்கிவிட்டுத் தூங்குங்கள். கொசு கடிக்கும், கடிக்கட்டும்.

வீட்டில் பச்சைக் குழந்தை இருந்தால், இன்றைக்கே சீட்டுக்கு அடியில் கையை விட்டுப் பாருங்கள். உருண்டை கிடந்தால் எடுத்துவிட்டு, நாலு கதவையும் திறந்து வையுங்கள். பிள்ளையின் சுகாதாரப் புத்தகத்தில் 'ஜி-6-பி-டி' என்ன எழுதியிருக்கிறது என்று புரியாவிட்டால், கிளினிக்கில் மிஸ்ஸியிடம் காட்டிக் கேளுங்கள்.