‘பால் குடிக்கும்போது குழந்தை ஏன் முகத்தைத் திருப்புது?’ - உலகத்துக்கே பாடம் எடுத்த நர்சிங் பேராசிரியர்

வடசென்னையில் ‘எங்க பொறந்தீங்க?’ என்று கேட்டால், ‘ஆர்.எஸ்.ஆர்.எம்.’ என்று பதில் வர நிறைய வாய்ப்பு உண்டு. ராயபுரத்தில் 1880-ல் தொடங்கிய மகப்பேறு மருத்துவமனை அது. அரசு மருத்துவமனைகளில் சுகப்பிரசவம் என்றால் 3 நாள் வரையும், சிசேரியன் என்றால் 7 நாள் வரையும் ஜனனி சிசு சுரக்ஷா திட்டத்தில் தாய்க்கு இலவசச் சாப்பாடு. தாய்க்குச் சொல்லித்தர நர்ஸுக்குக் கிடைக்கும் அவகாசமும் ஏறக்குறைய அவ்வளவுதான். அதன்பிறகு?

அம்மா வீடு பக்கத்தில் இருந்தால் பிரச்சினை இல்லை. எண்ணூரில் ஒரு வாடகை வீடு, கணவருக்கு நைட் ஷிப்ட், ஊரில் மாமியார் என்றால் யூடியூப்தான் துணை.

இந்த இடைவெளியைத்தான் ஆராய்ச்சிப் பொருளாக எடுத்துக்கொண்டார் கேத்ரின் பர்னார்ட் (1938-2015). அமெரிக்காவின் சியாட்டிலில், வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் நர்சிங் சொல்லிக்கொடுத்தவர். குறைமாதக் குழந்தைகளுக்கு ஆடும் படுக்கையும், இதயத் துடிப்பு மாதிரியான ஒலியும் கொடுத்துப் பார்த்தது இவரது புகழ்பெற்ற ஆய்வு. அப்படி வளர்ந்த குழந்தைகள் நன்றாகத் தூங்கின, எடையும் போட்டன. நம்ம ஊர் தூளியும் ஆராரோவும் ஞாபகம் வருதா? வரட்டும். ஆனால் பாட்டிக்குத் தெரிந்ததை அளந்து, நிரூபித்து, நர்ஸுகளின் பாடத்தில் சேர்ப்பது வேறு வேலை.

76 கேள்விகள்

அடுத்து அவர் கவனித்தது, பால் கொடுக்கும் அந்தச் சில நிமிடங்களை. அதற்காக அவர் குழு உருவாக்கிய அளவுகோலில் 76 கேள்விகள். அம்மா குழந்தையின் முகம் பார்க்கும்படி பிடித்திருக்கிறாரா? குழந்தை சிணுங்கினால் நிறுத்துகிறாரா? இதோடு நிற்கவில்லை, குழந்தைக்கும் மார்க் உண்டு. பசி, போதும், தூக்கம் என்பதையெல்லாம் அது தெளிவாகக் காட்டுகிறதா என்று பார்ப்பார்கள். உறவு என்பது இரண்டு பேரும் சேர்ந்து ஆடும் ஆட்டம் என்பதே பர்னார்டின் பார்வை. குறைமாதக் குழந்தையின் சைகை மங்கலாக இருக்கும். அதைப் புரிந்துகொள்ள முடியாமல் தவிப்பது அம்மாவின் தப்பு இல்லை.

முகத்தைத் திருப்புவது, முதுகை வளைப்பது, கையால் தள்ளுவது எல்லாம் ‘கொஞ்சம் நிறுத்து’ என்பதன் சைகைகள். அழுகை பெரும்பாலும் கடைசியில்தான் வரும். ஒரு கையில் பாட்டில், இன்னொரு கையில் ரீல்ஸ் என்றிருந்தால் முதல் மூன்றும் கண்ணில் படாது.

இன்னொரு அளவுகோலில் 73 கேள்விகள். 3 வயதுக்குட்பட்ட குழந்தைக்கு இன்னும் வராத ஒரு வேலையை, உதாரணமாகக் கட்டைகளை அடுக்குவதை, பெற்றோர் சில நிமிடம் சொல்லித்தர வேண்டும். குழந்தை அடுக்கியதா என்பதல்ல, எப்படிச் சொல்லித்தருகிறார்கள் என்பதே கணக்கு.

இந்த அளவுகோல்களை நர்ஸுகளுக்குக் கற்றுத்தர, இன்டர்நெட் இல்லாத 1970-களிலேயே செயற்கைக்கோள் வழியாக வகுப்பு எடுத்தார் பர்னார்ட். ஆன்லைன் கிளாஸ் கொரோனாவில் பிறந்ததாக நினைப்பவர்கள் கவனிக்க.

இங்கே வீடு தேடி வரும் ஏற்பாடு ஏற்கெனவே இருக்கிறது. மருத்துவமனையில் பிறந்த குழந்தையை 3, 7, 14, 21, 28, 42-ம் நாட்களில் சுகாதாரப் பணியாளர் வீட்டில் போய்ப் பார்க்க வேண்டும் என்கிறது தேசியத் திட்டம். எடை, காய்ச்சல், தொப்புள், தாய்ப்பால் எல்லாம் பார்ப்பார்கள். அந்த நேரத்தில் பால் குடிப்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து 5 நிமிடம் கவனித்தால், ‘பாருங்க, இப்ப போதும்னு சொல்லுது’ என்று காட்டிக்கொடுக்கலாம். நைட் ஷிப்ட் முடித்து வந்த அப்பா வீட்டில் இருந்தால் அவரையும் கூப்பிடலாம். பர்னார்டின் அளவுகோலில் அவருக்கும் மார்க் உண்டு.