பறித்தால்தான் காய்க்கும்

(வானொலி உரை)



வீட்டுத் தோட்டம் போடுங்கள் என்று உங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கொல்லையில் நாலு கத்தரி, ரெண்டு பாத்தி கீரை, வேலியில் ஒரு அவரைக்கொடி, கூரைமேல் ஒரு சுரைக்கொடி என்று ஏதாவது ஒன்று இருக்கத்தான் செய்கிறது. ஆனால் எந்த ஊருக்குப் போனாலும் ஒரு குறை காதில் விழுகிறது. "ஆரம்பத்துல நல்லாத்தாங்க காய்ச்சுது, அப்புறம் நின்னுபோச்சு" என்கிறார்கள். உரம் போதலையோ, விதை சரியில்லையோ, கண்ணு பட்டுப்போச்சோ என்று காரணம் தேடுகிறார்கள். செடியைப் போய்ப் பார்த்தால் விஷயம் புரிந்துவிடும். வெண்டையில் நாலு முற்றல் காய் விறகுக்குச்சி மாதிரி நிற்கும். பந்தலில் பாகற்பழம் வெடித்துச் சிவந்து தொங்கும். அதனால் இன்றைக்கு விதைப்பைவிட அறுவடையைப் பற்றித்தான் அதிகம் பேசப்போகிறேன்.

செடி நமக்காகவா காய்க்கிறது? இல்லை. தன் வம்சம் விளங்க விதை வேண்டும், அதற்காகக் காய்க்கிறது. நாம் பிஞ்சாகப் பறித்துவிட்டால், "விதை இன்னும் ஆகலையே" என்று மறுபடி பூக்கிறது. ஒரு காய் முற்றி அதில் விதை திரண்டுவிட்டால், வேர் எடுத்துக்கொடுக்கிற சத்தும், இலை சமைத்துக்கொடுக்கிற மாவும் அந்த விதைக்குப் போய்விடும். புதுப்பூ குறையும், வந்த பூவும் உதிரும். ஒரே ஒரு முற்றல் வெண்டைக்காயைச் செடியில் விட்டால் அடுத்து வரவேண்டிய பல காய்களை இழக்கிறோம்.

ஒவ்வொரு காய்க்கும் ஒரு பதம் உண்டு. வெண்டை விதைத்து நாற்பத்தைந்து நாள் வாக்கில் முதல் பறிப்புக்கு வரும். பூ விரிந்த ஐந்தாறு நாளில் காய் பதமாகிவிடும். நுனியை ஒடித்தால் சட்டென்று ஒடிய வேண்டும், வளைந்தால் முற்றல். ஆகவே ஒருநாள் விட்டு ஒருநாள் கட்டாயம் பறிக்க வேண்டும். ஊருக்குப் போகிறோம், மூணு நாள் ஆகும் என்றால் பக்கத்து வீட்டுக்காரரைப் பறித்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போங்கள். காய் அவருக்கு, செடி உங்களுக்கு. உங்களுக்கு நஷ்டம் இல்லை.

கத்தரிக்குப் பளபளப்புதான் அடையாளம். தோல் மினுமினுவென்று இருக்கும்போது எடுத்துவிடுங்கள். மினுக்கு மங்கினால் உள்ளே விதை கறுத்துக் கசக்கத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். கையால் பிடித்து இழுத்தால் கிளையே முறிந்துவிடும். சின்னக் கத்தியால் காம்போடு அறுப்பதுதான் நல்லது.

தக்காளியைச் செடியிலேயே சிவக்க விட வேண்டும் என்பதில்லை. அடிப்பக்கம் லேசாகச் செம்மை தட்டியதும் எடுத்து வீட்டில் வைத்தால் நாலைந்து நாளில் பழுத்துவிடும். பறவைக்கும் எறும்புக்கும் போகாது, திடீர் மழையில் வெடிக்காது. அவரையை விதை புடைக்குமுன் எடுக்க வேண்டும். அதிலும் காயை மட்டும் கிள்ள வேண்டும். பூங்கொத்தோடு சேர்த்து உருவினால் அதில் மிச்சமிருக்கிற பூவும் பிஞ்சும் போய்விடும். பிள்ளைகளைப் பறிக்க விடும்போது இதைச் சொல்லிக்கொடுங்கள்.

பாகல் பச்சை மாறி வெளுக்குமுன், புடலை விறைப்பாக இருக்கும்போதே. புடலை நுனியில் கல் கட்டுகிறோமே, அது காய் சுருண்டுகொள்ளாமல் நேராக இறங்கத்தான். பெரிய கல் வேண்டாம், பிஞ்சே அறுந்து விழும்.

கீரையைப் பற்றி ஒரு வார்த்தை. முளைக்கீரையை மூன்று வாரம், இருபத்தைந்து நாளில் வேரோடு பிடுங்கிவிட்டு, அந்த இடத்தில் மறுபடி விதையுங்கள். அரைக்கீரையை வேரோடு பிடுங்கக் கூடாது. தரையிலிருந்து ரெண்டு மூணு விரற்கடை விட்டு அறுத்தால் திரும்பத் துளிர்த்துக்கொண்டே இருக்கும். ஒரே பாத்தியாக விதைக்காமல், பத்து நாளைக்கு ஒரு சின்னப் பாத்தி என்று போட்டால் வாராவாரம் இளங்கீரை கிடைக்கும். வெண்டைக்கும் கொத்தவரைக்கும் இதே யோசனைதான். ஒரே நாளில் போட்டால் ஒரே சமயத்தில் குவிந்து, ஒரே சமயத்தில் ஓய்ந்துபோகும்.

எல்லாக் காயையும் பிஞ்சில் எடுக்க வேண்டியதில்லை. பரங்கி, சாம்பல் பூசணி ரெண்டையும் நன்றாக முற்ற விடலாம். காம்பு காய்ந்து, தோலில் நகம் இறங்காத பதம் வந்ததும் காம்போடு அறுத்து, காற்றோட்டமான இடத்தில் ஒன்றன்மேல் ஒன்று படாமல் வைத்தால் சில மாதம் கெடாது. வெயில்காலத்தில் தோட்டம் வறண்டு கிடக்கும்போது அதுதான் கைகொடுக்கும்.

இவ்வளவு சொல்கிறேனே, வீட்டுக்கு எவ்வளவு காய் வேண்டும் என்று கணக்குப் பார்த்திருக்கிறீர்களா? ஐதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2011ல் வெளியிட்ட வழிகாட்டியில், ஒரு ஆளுக்கு நாளொன்றுக்குக் கீரை, கிழங்கு எல்லாம் சேர்த்து 300 கிராம் காய்கறி வேண்டும் என்று சொன்னது. 2024ல் அதை இன்னும் கூட்டிவிட்டது. பழைய கணக்கையே வைத்துக்கொண்டாலும் ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு ஒன்றரைக் கிலோ. சந்தையில் வாங்கி இந்த அளவு சாப்பிடும் வீடுகள் நம்மில் எத்தனை? குழம்பில் ரெண்டு துண்டு மிதந்தால் சரி என்றுதான் ஓட்டுகிறோம். 2019 முதல் 2021 வரை எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு இரத்தசோகை என்று தெரியவந்தது. வேலிக்கால் முருங்கையும் கொல்லைக் கீரையும் மட்டும் இதைத் தீர்த்துவிடும் என்று சொல்ல மாட்டேன், அதற்கு மருத்துவரும் மாத்திரையும் வேண்டும். ஆனால் பறிக்காமல் முற்றிப் பூத்து வீணாகும் கீரையைப் பார்த்தால் மனசு கேட்கவில்லை.

தோட்ட அமைப்பை நீட்டி முழக்கப்போவதில்லை. முருங்கை, பப்பாளி, கறிவேப்பிலை, பந்தல்கொடி எல்லாம் வடக்கு ஓரத்தில் இருக்கட்டும், அப்போதுதான் நிழல் மற்ற செடிமேல் விழாது. அரிசி களைந்த நீரும் பாத்திரம் அலசிய நீரும் பாத்திக்குப் போகலாம். சோப்புத்தூள் கலந்த நீரைக் கீரைக்கு விடாதீர்கள், வாழைக்கும் சேம்புக்கும் திருப்பிவிடுங்கள். பந்தல் அவரை மட்டும் எப்போது போட்டாலும் பகல்பொழுது குறுகின பிறகுதான் பூக்கும். ஐப்பசி, கார்த்திகை வரை பூக்கவில்லையே என்று வெட்டிவிடாதீர்கள். செடி அவரையில் வந்துள்ள ரகங்களுக்கு அந்தத் தொல்லை இல்லை.

சுரை, பூசணிக் கொடிகளைப் பற்றி நிறையப் பேர் கேட்பது, "பூ பூவா பூக்குது, ஒண்ணுகூட நிக்கலை" என்று. முதலில் வருவதெல்லாம் ஆண்பூ. அது உதிரத்தான் செய்யும். பின்னால் வரும் பெண்பூவின் அடியில் குட்டிப் பிஞ்சு ஒட்டிக்கொண்டிருக்கும், பார்த்தாலே தெரியும். அந்தப் பிஞ்சும் மஞ்சளாகி உதிர்ந்தால் மகரந்தம் சேரவில்லை என்று பொருள். ஒரு ஆண்பூவைப் பறித்து, இதழைப் பிய்த்துவிட்டு, நடுவில் இருக்கும் பொடியைப் பெண்பூவின் நடுவில் தொட்டுவிடுங்கள். பூசணிக்கு அதிகாலையில், சுரைக்குப் பொழுது சாயும் நேரத்தில். அந்தந்தப் பூ விரிகிற நேரம் அதுதான். காலையில் மருந்தடித்துத் தேனீயை விரட்டிவிட்டால் இந்த வேலையைத் தினமும் நாம்தான் செய்ய வேண்டியிருக்கும்.

மருந்து என்றதும் ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். நெல்லுக்கோ பருத்திக்கோ அடித்தது போக ஸ்பிரேயரில் கொஞ்சம் மிச்சம் இருக்கும். "வீணாவானேன்" என்று அதைக் கொண்டுவந்து கொல்லைக் கத்தரிக்கு அடிக்கிற பழக்கம் நம்மிடம் இருக்கிறது. ஐயா, வயல் பயிர் எப்போதோ அறுவடையாகும். கொல்லைக் காயை அம்மா மறுநாளே பறித்துக் குழம்பில் போடுகிறார். பிள்ளை தக்காளியைக் கழுவாமலே கடிக்கிறது. மோனோகுரோட்டோபாஸ் என்ற மருந்தைக் காய்கறிக்கு அடிக்கக் கூடாது என்று மத்திய அரசு 2005லேயே தடை போட்டது. அந்த மருந்து கலந்த சத்துணவைச் சாப்பிட்டு 2013ல் பீகார் மாநிலம் சரண் மாவட்டத்தில் 23 பள்ளிப் பிள்ளைகள் இறந்துபோனார்கள். காலி மருந்து டப்பாவைக் கழுவி எண்ணெய்க்கும் தண்ணீருக்கும் வைத்துக்கொள்கிறவர்கள் இதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

நாலு சென்ட் தோட்டத்துக்குக் கைதான் மருந்து. கத்தரி நுனி வாடித் தொங்கினால் உள்ளே புழு இருக்கிறது. ஒரு விரல் நீளம் கீழே தள்ளிக் கிள்ளி, எரித்துவிடுங்கள். பாகல், புடலைப் பிஞ்சு கோணிக்கொண்டு அழுகினால் பழ ஈ முட்டையிட்டிருக்கும். விழுந்த காயை அங்கேயே விட்டால் புழு மண்ணுக்குள் போய்க் கூடுகட்டி, ஈயாகத் திரும்பி வரும். பொறுக்கி எடுத்து ஆழமாகப் புதைக்க வேண்டும். வெண்டை இலையில் நரம்பெல்லாம் மஞ்சளாகிவிட்டால் வைத்தியம் கிடையாது. வெள்ளை ஈ அதை அடுத்த செடிக்குக் கொண்டுபோகுமுன் பிடுங்கிவிடுங்கள். அப்படியும் பூச்சி அடங்காவிட்டால் வேப்பங்கொட்டைப் பருப்பு ஐம்பது கிராம் இடித்து, ஒரு லிட்டர் தண்ணீரில் ராத்திரி ஊறவைத்து, துணியில் வடிகட்டி, துளி சோப்பு கரைத்து, சாயங்காலத்தில் தெளிக்கலாம்.

தாய்மார்கள் சுரைக்காய் சமைக்குமுன் ஒரு சின்னத் துண்டை நாக்கில் வைத்துப் பாருங்கள். கசந்தால் துப்பிவிட்டு, காயைக் குப்பைக்குழியில் போட்டுவிடுங்கள். உப்பு, புளி கூட்டிச் சமாளிக்க வேண்டாம். அந்தக் கசப்பு விஷம், வேகவைத்தாலும் போகாது. சுரைக்காய்ச் சாறு குடித்துச் சிலர் இறந்ததையொட்டி இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் அமைத்த நிபுணர் குழு, 2012ல் வெளியான அறிக்கையில் கசக்கும் சாற்றைக் குடிக்கவே கூடாது என்று எச்சரித்தது. பாகல் கசப்பு வேறு, சுரைக் கசப்பு வேறு. கசந்த கொடியிலிருந்து விதையும் எடுக்காதீர்கள்.

விதை எடுப்பதிலும் நம்மிடம் ஒரு தலைகீழ்ப் பழக்கம் உண்டு. நல்ல காயையெல்லாம் தின்றுவிட்டு, கடைசியில் எட்டாத இடத்தில் முற்றிப்போன சொத்தைக் காயை விதைக்கு வைக்கிறோம். காய்ப்பு நன்றாக இருக்கும்போதே, நோயில்லாத, நிறையக் காய்த்த ஒரு செடியைத் தேர்ந்தெடுத்து, ஒரு சிவப்புத் துணிக்கிழியைக் கட்டிவிடுங்கள். அதில் யாரும் கைவைக்கக் கூடாது. அது ஒன்று முற்றட்டும், மற்றதெல்லாம் காய்த்துக்கொண்டிருக்கும். வெண்டை செடியிலேயே காய வேண்டும். கத்தரி மஞ்சளாகப் பழுக்க வேண்டும். தக்காளி விதையைச் சாற்றோடு ஒருநாள் புளிக்கவிட்டு, அலசி, நிழலில் உலர்த்த வேண்டும். கடையில் வாங்கிய வீரிய ஒட்டு ரகமாக இருந்தால் இந்தப் பாடு வேண்டாம், அதன் விதை தாய் மாதிரி காய்க்காது.

உலர்ந்த விதையைச் சாம்பலில் புரட்டி, மூடியுள்ள டப்பாவில் போட்டு, எந்தச் செடி, எந்த மாதம் எடுத்தது என்று ஒரு சீட்டு எழுதி உள்ளே போட்டுவையுங்கள். அடுத்த ஆடிப்பட்டத்துக்கு எடுக்கும்போது, முதலில் பத்து விதையை ஈரத்துணியில் முடிந்துவைத்துப் பாருங்கள். ஏழெட்டாவது முளைத்தால் தைரியமாகப் பாத்திக்குக் கொண்டுபோகலாம்.