சிறுதோட்டக்காரரின் சிக்கலை அறிய இனவரைவியல்



சிறு விவசாயிகளின் சிக்கல்கள் பற்றி இடுபணி என்றால் நாம் என்ன செய்கிறோம்? வினாநிரலோடு போய், "உரம் ஏன் போடலை?" என்று கேட்கிறோம். "விலை ஏறிப்போச்சு" என்பார்கள். எழுதிக்கொண்டு திரும்பிவிடுகிறோம். அது பொய்யில்லை; ஆனால் பாதிதான்.

மீதியைத் தேடும் முறையே இனவரைவியல். மக்களோடு தங்கி, செய்வதைப் பார்த்து, பேச்சைக் கேட்டு, அவர்கள் பார்வையிலேயே சிக்கலைப் புரிந்துகொள்வது.

நம் நாட்டிலேயே இதற்குச் சான்று உண்டு. அமெரிக்க அறிஞர் ஜேம்ஸ் ஸ்காட், 1978 முதல் 1980 வரை கெடாவின் மூடா நெல் சமவெளியில், சுமார் 70 குடும்பங்கள் வாழ்ந்த கிராமத்தில் ஆய்வு செய்தார். நீர்ப்பாசனத் திட்டத்தால் அங்கே இருபோகம் விளைந்தது. விளைச்சல் கணக்கைப் பார்த்தால் வளர்ச்சிதான். ஆனால், அறுவடை இயந்திரம் வந்ததும் ஏழைகளின் கூலி வேலை போயிற்று. ஆள் பற்றாக்குறையால் இயந்திரம் வந்தது என்றனர் வசதியானவர்கள். ஏழைகளோ நேரில் பணிவாக இருந்து, மறைவில் மனம் குமுறினர். ஒரு நாள் வந்து போகிறவர் காதில் இது விழுமா? ஸ்காட்டின் நூல் 1985இல் வெளிவந்தது. மக்களைக் காக்க, கிராமத்துக்குச் 'செடாக்கா' என்று புனைபெயர் இட்டார்.

சரி, சபாக் வட்டாரச் செம்பனைச் சிறுதோட்டத்தில் நாம் எப்படிச் செய்யலாம்?

1. முதலில் அனுமதி கேளுங்கள். பெயரை எழுதாதீர்கள்.

2. கேட்பதற்கு முன் பாருங்கள். குலை வெட்டு 10 முதல் 14 நாளுக்கு ஒருமுறை வரும். ஒரு வெட்டு நாள் முழுதும் கூடவே இருங்கள். முடிந்தால் அடுத்த வெட்டுக்கும் போங்கள்.

3. "உங்க பிரச்சினை என்ன?" என்று கேட்காமல், "நேத்து என்னென்ன செஞ்சீங்க, ஐயா?" என்று கேளுங்கள்.

4. ஒரே செய்தியைத் தோட்டக்காரர், அவர் மனைவி, வெட்டும் தொழிலாளி ஆகியோரிடம் தனித்தனியே கேளுங்கள். பதில்கள் முரண்பட்டால் அங்கேதான் ஆய்வு தொடங்குகிறது.

5. அவர்கள் சொன்ன சொல்லையே அன்றிரவே எழுதுங்கள். உங்கள் கருத்தைத் தனிப்பக்கத்தில் வையுங்கள்.

இப்படிப் போனால், உரம் போடாததற்கு வேறு காரணமும் தெரியவரலாம். சபாக் தாழ்வான கடலோர நிலம். வடிகால் அடைத்தால் தண்ணீர் தேங்கும். போட்ட உரம் வீணாகும் என்று அவர் நினைத்திருக்கலாம். அப்படியானால், உர உதவித்தொகை கொடுத்தும் பயனில்லை. வடிகாலைத்தான் முதலில் தூர்வார வேண்டும். காரணத்தைத் தவறாக எழுதினால் தீர்வும் தவறும். தேர்வில் போவது மதிப்பெண்தான். தோட்டக்காரருக்குப் போவது பிழைப்பு.