ஒருநாள் ஸ்கூல், ஒருநாள் வீடு... யார் பார்த்துக்கொள்வது?

2020-ல் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த குழந்தை, வகுப்பறையை முதன்முதலாகப் பார்த்தபோது இரண்டாம் வகுப்பு! 1 முதல் 8 வரையிலான வகுப்புகள் தமிழ்நாட்டில் திறந்தது, 2021 நவம்பர் 1-ல்தான்.

அப்போது சமூக இடைவெளிக்காக அறைக்கு 20 பேர்தான் இருந்தார்கள். 40 பேர் படிக்கும் வகுப்பென்றால்? பாதிப் பேர் இன்று, மீதிப் பேர் நாளை. புதுவாயல் மாதிரி ஊர்களில் அந்த 'வீட்டு நாள்'தான் தலைவலியாக இருந்தது. பக்கத்திலேயே கும்மிடிப்பூண்டி சிப்காட். அப்பா, அம்மா இருவருக்கும் ஷிஃப்ட் என்றால் பிள்ளை யாரிடம் இருக்கும்? ஆன்லைனில் படிக்கலாம்தான், வீட்டின் ஒரே போன் அப்பாவோடு கம்பெனிக்குப் போய்விடுமே!

விட்டதைப் பிடிக்க, 1 முதல் 3-ம் வகுப்புப் பிள்ளைகளுக்காக 'எண்ணும் எழுத்தும்' திட்டம் வந்தது. முதல்வர் ஸ்டாலின் 2022 ஜூன் 13-ல் அதைத் தொடங்கிவைத்ததும் இதே திருவள்ளூர் மாவட்டத்தில்தான், அழிஞ்சிவாக்கம் அரசுப் பள்ளியில்.