புந்தோங் விடியற்காலையும் எஞ்சினுக்குக் குளிர்தான்

விடியற்காலை ஐந்தரைக்குச் சாவியைத் திருப்பினால் என் மைவி காரின் சுற்று காட்டும் ஊசி நேராக 1,500-க்குப் போய் நிற்கும். கியர் போடவில்லை, பெடலைத் தொடவில்லை. நின்ற இடத்திலேயே எஞ்சின் கத்தும். சில நிமிடம் கழித்து ஊசி மெல்ல இறங்கி 800-க்கு வந்ததும், ஓடுகிறதா நின்றுவிட்டதா என்று தெரியாத அளவுக்கு அடங்கிவிடும்.

"மா, ஐரோப்பாவில் பனி பெய்யும், அங்கே கத்தினால் சரி. புந்தோங்கில் எங்கே குளிர்?" என்று மகள் கேட்டாள். கேட்கவேண்டிய கேள்விதான். ஈப்போவில் விடியற்காலையிலும் 23, 24 டிகிரி இருக்கும். காற்றாடி இல்லாமல் நாங்கள் தூங்குவதில்லை.

ஆனால் எஞ்சினின் கணக்கு வேறு. அதற்குள் சுற்றிவரும் தண்ணீர் 90 டிகிரி வாக்கில் இருக்கும்போதுதான் அது ஒழுங்காக வேலை செய்யும். 24 டிகிரியில் எழுப்பினால் இன்னும் 65 டிகிரிக்கு மேல் ஏறியாக வேண்டும். நமக்குப் புழுக்கமாக இருக்கும் வேளையும் அதற்குக் கடுங்குளிர்தான்.

இதை எனக்குப் புரியவைத்தவர் என் தாய்மாமா. நாற்பது வருடம் பட்டறையில் போமனாக இருந்தவர். நாங்கள் கச்சாங் பூத்தே கம்பத்தில் கடலையும் முறுக்கும் பொரித்து விற்கிற குடும்பம் என்பதால், எண்ணெயை வைத்தே சொல்லிக்கொடுத்தார். காலையில் டின்னைச் சாய்த்தால் எண்ணெய் கயிறு மாதிரி விழும். குவாலியில் காய்ந்த பிறகு அதே எண்ணெய் தண்ணீராகச் சலசலக்கும். காரின் கறுப்பெண்ணெயும் அப்படித்தான். இரவெல்லாம் அடியில் தேங்கிக் கெட்டியாகிக் கிடக்கும். பிஸ்டனும் தண்டும் பம்பும் அந்தக் கெட்டி எண்ணெயை இழுத்துக்கொண்டுதான் சுற்ற வேண்டும். சூடான எஞ்சின் 800 சுற்றில் நிற்காமல் ஓடப் போதுமான பெட்ரோலும் காற்றும், குளிர்ந்த எஞ்சினுக்குப் போதாது. கூடக் கொடுக்காவிட்டால் திணறி நின்றுவிடும்.

எண்ணெய் பாதிக் கதைதான். பெட்ரோல் திரவமாக எரியாது, ஆவியாகித்தான் எரியும். அதுவும் ஒரே பொருள் இல்லை, பல பொருள்களின் கலவை. அதில் சில 35, 40 டிகிரியிலேயே கொதிக்கும், சில 200 டிகிரி வரை அசையாது. குளிர்ந்த எஞ்சினில் லேசான பகுதிதான் ஆவியாகிறது. மிச்சம், புட்டுப் பானை மூடியில் நீர் கோப்பதுபோல உலோகச் சுவரில் ஒட்டிக்கொள்கிறது. ஒரு கிலோ பெட்ரோல் முழுமையாக எரிய ஏறக்குறைய 14.7 கிலோ காற்று வேண்டும். ஆனால் ஊற்றிய ஒரு கிலோவும் எரிய வராதபோது அந்த அளவு செல்லாது. ஒட்டிக்கொள்ளும் பங்கையும் சேர்த்துத் தாராளமாக ஊற்றவேண்டியிருக்கிறது. எரிப்பும் ஒரு சீராக இருக்காது. சுற்று வேகமாக இருந்தால், ஒரு வெடிப்பு சோர்ந்தாலும் அடுத்தது வரும்வரை வேகமே எஞ்சினைத் தள்ளிக்கொண்டுபோகும்.

அப்பாவின் மோரிஸ் மைனரில் இதையெல்லாம் கையால் செய்தோம். 1971-இல் அந்தக் கார் செய்வது நின்றுபோனாலும் பேராக் முழுக்க நெடுநாள் ஓடிக்கொண்டிருந்தது. சோக் குமிழை இழுத்தால் கார்புரேட்டரில் பெட்ரோலின் பங்கு கூடும். அதே இழுப்பில் காற்று போகும் கதவும் கொஞ்சம் திறந்துகொள்ளும். எஞ்சின் சூடேறச் சூடேறக் குமிழை உள்ளே தள்ள வேண்டும். மறந்தால் கரும்புகை. அப்பா சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். விடியுமுன் குளிர்ச்சியில்தான் பால் நன்றாக இறங்கும், வெயில் ஏறினால் குறைந்துவிடும். அதே நேரத்தில் கார் மட்டும் முரண்டு பிடிப்பது அவருக்குக் கடைசிவரை ஆச்சரியம்.

மைவி 2005-இல் வந்த கார். அதில் குமிழும் இல்லை, கார்புரேட்டரும் இல்லை. எஞ்சின் தண்ணீரில் ஒரு சிறு உணரி முங்கிக் கிடக்கிறது. குளிரில் அதன் மின்தடை கூடும், சூட்டில் குறையும். கணினி அதைப் படித்துப் பெட்ரோலையும் காற்றையும் கூட்டிக் குறைக்கிறது. அப்பாவின் கைக்கு அங்கே வேலையே இல்லை.

புகைக்குழாயில் இன்னொரு காரணம் உட்கார்ந்திருக்கிறது. நச்சு வாயுவை மாற்றும் வினையூக்கி 250, 300 டிகிரிக்குச் சூடேறாமல் வேலையைத் தொடங்காது. அதுவரை அழுக்கெல்லாம் அப்படியே வெளியே வரும். அதனால் பல புதிய கார்களில் கணினி வேண்டுமென்றே தீப்பொறியைத் தாமதப்படுத்துகிறது; சக்தி குறைந்து சூடு புகையோடு போய் வினையூக்கியைச் சுடவைக்கிறது. குறைந்த சக்தியை ஈடுகட்ட இன்னும் காற்று, இன்னும் பெட்ரோல், இன்னும் சத்தம்.

இது தெரியாமல் பணமும் போகும், நிம்மதியும் போகும். அண்ணனிடம் பழைய புரோட்டோன் சாகா இருந்தது. காலையில் சத்தம் அதிகம் என்று ஒரு பட்டறைக்கு ஓட்டிப்போனார். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே திருகைத் திருகிச் சத்தத்தைக் குறைத்துக் காசு வாங்கிக்கொண்டார்கள். சூடேறிய பிறகு, அடங்க வேண்டிய வேகம் அதற்கும் கீழே இறங்கி, சமிக்ஞை விளக்கில் கார் நின்றுவிட்டது. பின்னால் லோரி ஹார்ன் அடிக்க, அண்ணி உள்ளே அழுதுகொண்டிருந்தார். எனக்கு இன்றும் ஆறவில்லை.

கவலைப்பட வேண்டிய சமயமும் உண்டு. கால் மணி நேரம் ஓட்டிய பிறகும் ஊசி 1,500-இலேயே நின்றாலோ, ஏறி இறங்கி அலைந்தாலோ காட்டிவிடுங்கள். உணரி கெட்டிருக்கலாம், எங்கேயோ ரப்பர் குழாய் கிழிந்து கணக்கில் வராத காற்று புகலாம், தண்ணீரைத் தடுத்துச் சூடேற்றும் தெர்மோஸ்டாட் திறந்தபடி சிக்கியிருக்கலாம். ஏர்கோன் போட்டதும் கொஞ்சம் ஏறுவது நோய் இல்லை.

மாதம் ஒருமுறை சிம்பாங் பூலாய் வழியாகத் தானா ராத்தாவுக்குச் சரக்கு கொண்டுபோகிறேன். ஏறக்குறைய 1,400 மீட்டர் உயரம். விடியற்காலையில் 16 டிகிரி வாக்கில் இருக்கும். அங்கே இரவு தங்கிக் கிளப்பினால் ஊசி புந்தோங்கைவிட மேலே ஏறும், இறங்கவும் நேரமாகும். ஒரே கார், ஒரே பெட்ரோல். 8 டிகிரி வித்தியாசத்தை அந்த உணரி எப்படிக் கண்டுகொள்கிறது என்று ஒவ்வொரு தடவையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

அதற்காகப் பத்து நிமிடம் நிறுத்திவைத்துச் சூடேற்றாதீர்கள். அரை நிமிடம் போதும். பிறகு மிதமாக ஓட்டினால் நின்றிருப்பதைவிடச் சீக்கிரம் சூடேறும். ஆட்டோ கியர் என்றால் ஊசி கொஞ்சம் இறங்கட்டும், இல்லாவிட்டால் கியர் விழும்போது கார் உதறும். தாராளமாக ஊற்றிய பெட்ரோல் சிலிண்டர் சுவரைக் கழுவிக் கறுப்பெண்ணெயில் கலப்பதும் இந்த நேரத்தில்தான். எல்லாவற்றையும்விட எனக்குப் பயம் கார்பன் மோனாக்சைடு. மணமில்லாதது. காற்று போதாமல் எரியும் குளிர்ந்த எஞ்சினில், வினையூக்கியும் விழிக்காத அந்த நிமிடங்களில்தான் அதிகம் வரும். நம் வரிசை வீடுகளில் கார் நிற்கும் இடத்துக்கு நேரே முன் அறைச் சன்னல்.

எங்கள் வீட்டில் அந்த அறையில் அம்மா படுத்திருந்தார். மழைநாள் என்று கேட்டைத் திறக்காமல் காரைக் கிளப்பிவிட்டு, நான் உள்ளே மூட்டை கட்டிக்கொண்டிருந்தேன். எழுந்தவர் தலை சுற்றுகிறது, வாந்தி வருகிறது என்றார். வெளியே கூட்டிவந்து காற்றாட உட்காரவைத்த பிறகுதான் தெளிந்தார்.

இப்போது மூட்டையெல்லாம் ஏற்றியாகும், கேட் திறந்தாகும், அம்மாவின் சன்னல் சாத்தியாகும். அதன் பிறகுதான் சாவி. கம்பத்துக் கடைசி வளைவைத் தாண்டும்போது ஊசி 1,000-க்கு இறங்கியிருக்கும்.