கட்டுச்சோறும் இன்சுலினும் விமானம் ஏறும்போது

திருச்சிக்கு நாலு மணி நேரம் என்று டிக்கெட்டில் போட்டிருக்கும். ஈப்போ பக்கத்து லகாட்டில் இருப்பவருக்கு அது பயணத்தில் பாதிகூட இல்லை. ஈப்போ அமான் ஜெயாவில் பஸ் ஏறி கோலாலம்பூர் விமான நிலையத்தின் (கே.எல்.ஐ.ஏ.) இரண்டாம் முனையம் போய்ச் சேர மூன்றரை மணி நேரம் ஆகும். அனைத்துலக விமானம் என்பதால் மூன்று மணி நேரம் முன்னதாகவே அங்கே இருக்க வேண்டும். திருச்சியில் இறங்கினால் குடிநுழைவு வரிசை, பிறகு பெட்டிக்குக் காத்திருப்பு. வீட்டைப் பூட்டியதிலிருந்து திருச்சி வாசலில் வந்து நிற்கும்வரை பதினொன்று, பன்னிரண்டு மணி நேரம் ஓடிவிடும். அதற்குள் இரண்டு வேளைச் சாப்பாடு வந்துவிடும். இனிப்புநீர் உள்ளவருக்கு இரண்டு வேளை ஊசியோ மாத்திரையோ சேர்ந்து வரும்.

நம்மில் அப்படிப்பட்டவர்கள் கொஞ்சம் பேர் இல்லை. 2019-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர் இருந்தது. இந்தியர்களில் மட்டும் பார்த்தால் 31.4 விழுக்காடு. திருச்சி விமானத்தில் ஒரு வரிசைக்கு ஆறு இருக்கை. வரிசைக்கு ஒருவராவது கைப்பையில் மாத்திரை வைத்திருப்பார் என்று நினைத்துக்கொள்ளலாம். ஆகவே, "சோறு கொண்டுபோகலாமா, மருந்து கொண்டுபோகலாமா" என்பது சில்லறைக் கேள்வி இல்லை.

குழப்பம் எங்கே வருகிறது என்றால், விமான நிலையத்தில் உங்கள் பையை மூன்று பேர் மூன்று வேறு காரணங்களுக்காகப் பார்க்கிறார்கள். பாதுகாப்புச் சோதனைக்காரருக்கு அது திரவமா இல்லையா என்பது மட்டுமே கவலை. விமான நிறுவனத்துக்கு, அதை உள்ளே உட்கார்ந்து சாப்பிடுவீர்களா என்பது கவலை. இறங்கிய நாட்டின் சுங்கமும் தாவர, கால்நடைத் தனிமைப்படுத்தல் துறையும் அது எங்கே விளைந்தது, எதிலிருந்து வந்தது என்று கேட்கும். ஒருவர் விட்டதை இன்னொருவர் பிடிக்கலாம். "போன தடவை விட்டார்களே" என்று கவுண்டரில் சண்டை போடுபவர்கள் பெரும்பாலும் இந்த மூன்றையும் ஒன்றாக நினைத்தவர்கள்தான்.

முதலில் திரவம். 2006 ஆகஸ்டில் லண்டனில், குளிர்பானப் பாட்டில்களில் வெடிமருந்து கொண்டுபோய் விமானங்களைத் தகர்க்கும் சதி பிடிபட்டது. அதற்குப் பிறகு வந்ததுதான் 100 மில்லி விதி. கைப்பையில் கொண்டுபோகும் திரவம் எதுவும் 100 மில்லிக்கு மேற்பட்ட பாட்டிலில் இருக்கக் கூடாது. எல்லாப் பாட்டிலும் ஒரு லிட்டர் அளவுள்ள, மூடக்கூடிய, உள்ளே தெரிகிற ஒரு பைக்குள் அடங்க வேண்டும். பாட்டிலில் மிச்சம் எவ்வளவு என்பது கணக்கில்லை, பாட்டிலின் கொள்ளளவுதான் கணக்கு. 200 மில்லி பாட்டிலின் அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும் இரண்டு கரண்டி நல்லெண்ணெயும் குப்பைக்குத்தான் போகும்.

நம் சமையலுக்கு இது கொஞ்சம் பொல்லாத விதி. சாம்பார், ரசம், தயிர், சட்னி, நெய், ஊறுகாய், லேகியம் எல்லாமே சோதனைக்காரர் கண்ணுக்குத் திரவமோ பசையோதான். இட்லிக்குப் பொடி தடவிக் கொண்டுபோனால் தடையில்லை. அதே இட்லியோடு ஒரு டப்பா சட்னி போனால் சட்னி நின்றுவிடும். புளிச்சோறு, எலுமிச்சைச் சோறு, சப்பாத்தி, அவித்த முட்டை எல்லாம் தாண்டிவிடும். கப்பல் காலத்தில், ரஜூலா கப்பலில் ஒரு வாரம் போன தலைமுறை கெட்டுப்போகாததாகப் பார்த்துக் கட்டிக்கொண்டு போனது. நாம் ஒழுகாததாகப் பார்த்துக் கட்டுகிறோம். ஈப்போக்காரர்களுக்கு இதில் ஒரு வசதி உண்டு. புந்தோங் கச்சாங் பூத்தே கிராமத்து முறுக்கு, ஓமப்பொடி, பக்கத்து மெங்லெம்புவின் கச்சான் என்று நம்மூர்ப் பலகாரமே காய்ந்த பலகாரம். கோடாலித் தைலப் பாட்டில் சின்னதுதான், அதுவும் போகும். தண்ணீர்ப் போத்தலைக் காலியாகக் கொண்டுபோய்ச் சோதனை தாண்டியதும் நிரப்பிக்கொள்ளுங்கள்.

இரண்டாவது ஆள் விமான நிறுவனம். ஏர் ஆசியாவையே எடுத்துக்கொள்வோம். 2001 டிசம்பரில் அதை டோனி பெர்னாண்டசும் கூட்டாளிகளும் கடனோடு சேர்த்து ஒரே ஒரு வெள்ளிக்கு வாங்கி, மலிவுக் கட்டண நிறுவனமாக மாற்றினார்கள். அந்த வியாபாரத்தின் சூத்திரம் எளிது: இருக்கையை மலிவாக விற்று, பெட்டி, இடம், சோறு எல்லாவற்றுக்கும் தனித்தனியே காசு வாங்குவது. நாசி லெமாக்கை உள்ளே விற்பவர்கள், நம் பொட்டலத்தைப் பக்கத்திலேயே பிரிக்க விடுவார்களா? வெளி உணவை உள்ளே சாப்பிடக் கூடாது என்று விதி வைத்திருக்கிறார்கள். இன்னொரு காரணமும் உண்டு. இறங்கிய விமானம் அரைமணி நேரத்துக்குள் மறுபடி பறந்தால்தான் அவர்களுக்குக் கட்டுப்படியாகும். மீன் குழம்பு சிந்திய இருக்கையைத் துடைக்க நேரம் ஏது.

இதில் பலர் கவனிக்காத ஒன்று: தடை சாப்பிடுவதற்குத்தான், கொண்டுபோவதற்கு இல்லை. கைப்பை எடை ஏழு கிலோவுக்குள் இருந்தால் உங்கள் புளிச்சோறு உங்களோடு திருச்சி வரை வரலாம். ஆனால் அதைப் பிரிக்க வேண்டிய இடம் விமானம் இல்லை, ஏறுவதற்கு முன் உள்ள காத்திருப்புக் கூடம். பன்னிரண்டு மணி நேரத்தில் நாலு மணி நேரம்தான் வானத்தில் என்று முதலில் சொன்னது இதற்காகத்தான். நுழைவாயில் திறப்பதற்கு ஒரு மணி நேரம் முன்னால் உட்கார்ந்து வயிறாரச் சாப்பிட்டுவிட்டால், விதியோடு மல்லுக்கட்ட வேண்டியதே இல்லை. உள்ளேயும் சாப்பாடு வேண்டும் என்றால் டிக்கெட்டோடு சேர்த்து முன்பே எடுங்கள். உள்ளே வாங்குவதைவிட மலிவு, சைவச் சாப்பாடும் நிச்சயமாகக் கிடைக்கும். எல்லா நிறுவனமும் ஒரே மாதிரி இல்லை. இந்திய உள்நாட்டு விமானங்களில் பக்கத்து இருக்கைக்காரர் தயிர்ச்சோறு டப்பாவைத் திறப்பது சாதாரணக் காட்சி. டிக்கெட் வாங்கும்போதே அந்தந்த நிறுவனத்தின் விதியைப் படித்துவிடுவது நல்லது.

குழந்தை உணவுக்கும் உடல்நிலைக்காகத் தேவைப்படும் உணவுக்கும் விலக்கு உண்டு. சர்க்கரை திடீரென்று இறங்கி, கை நடுங்கி, வேர்த்துக் கொட்டும்போது யாரும் விதிப்புத்தகம் காட்டப்போவதில்லை. ஆனாலும் ஏறும்போதே பணிப்பெண்ணிடம் "எனக்கு இனிப்புநீர், ஊசி போடுகிறேன், பசி வந்தால் கொஞ்சம் சாப்பிட வேண்டும்" என்று சொல்லிவிடுங்கள். நாலு மிட்டாயோ குளுக்கோஸ் மாத்திரையோ சட்டைப்பையிலேயே இருக்கட்டும், மேலே பெட்டித்தட்டில் வேண்டாம். சீட்பெல்ட் விளக்கு எரியும்போது எழுந்து தேட முடியாது.

மருந்து விஷயத்தில் ஒரே ஒரு பிடிவாதம் வேண்டும்: எதையும் பெரிய பெட்டியில் போட்டு அனுப்பாதீர்கள். பெட்டி ஒரு நாள் தாமதமாக வருவது நடக்கிற காரியம். இன்சுலினுக்கு அதைவிடப் பெரிய ஆபத்து குளிர். சரக்கு அறையில் உறைந்துபோனால் அதன் வீரியம் போய்விடும். உருகிய பிறகு பார்க்கப் பழையபடி இருந்தாலும் போட்டுக்கொள்ளக் கூடாது. திறக்காத இன்சுலின் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். பயன்பாட்டில் இருக்கும் பேனா சாதாரண அறை வெப்பத்தில் ஏறக்குறைய நாலு வாரம் தாங்கும், வகைக்கு வகை கொஞ்சம் மாறும். பயணத்துக்கு ஒரு குளிர்ப்பை போதும். ஐஸ் கட்டி நேராக மருந்தில் படாமல் துணியில் சுற்றி வையுங்கள்.

100 மில்லி விதி மருந்துக்கு இல்லை, ஆனால் நீங்களே எடுத்துக் காட்ட வேண்டும். இன்சுலின், ஊசி, சர்க்கரை பார்க்கும் கருவி மூன்றையும் ஒரே பையில் வைத்து, டாக்டர் கடிதத்தோடு தட்டில் தனியாக வையுங்கள். கடிதம் ஆங்கிலத்தில், கடப்பிதழில் உள்ள அதே பெயரில், மருந்தின் பொதுப்பெயரோடு இருக்கட்டும். மாத்திரைகளைத் திங்கள், செவ்வாய் என்று கட்டம் போட்ட டப்பாவில் கொட்டி எடுத்துப் போவது வீட்டுக்குச் சரி. சோதனைக்காரருக்கு அது பெயரில்லாத வெள்ளை மாத்திரை. அரசாங்கக் கிளினிக்கில் பெயரும் அளவும் ஒட்டித் தருகிற சின்னப் பிளாஸ்டிக் பை இருக்கிறதே, அதுதான் உங்கள் சாட்சி, தூக்கிப் போடாதீர்கள். ஒரு மாதத்துக்கு மேல் தங்கப் போகிறீர்கள் என்றால், கிளம்பும் வாரத்தில் அல்ல, முந்திய சந்திப்பிலேயே மருந்து கவுண்டரில் கூடுதலாகக் கேளுங்கள். டிராமடோல் போன்ற கடுமையான வலி மாத்திரை 2018 முதல் இந்தியாவில் போதைப்பொருள் சட்டத்தின் கீழ் வருகிறது. அது உங்கள் பட்டியலில் இருந்தால் கடிதம் இல்லாமல் ஏறவே வேண்டாம். இந்திய நேரம் நமக்கு இரண்டரை மணி நேரம் பின்னால். இரவு ஊசியை எந்த நேரப்படி போடுவது என்பதையும் அந்தச் சந்திப்பிலேயே கேட்டுவிடலாம்.

மூன்றாவது ஆள் பெரும்பாலும் திரும்பி வரும்போதுதான் எதிர்ப்படுவார். மாங்கன்று, பழம், இறைச்சி எல்லாவற்றுக்கும் மலேசியாவில் தனிமைப்படுத்தல் துறையின் அனுமதி வேண்டும். ஈப்போவிலிருந்து சிங்கப்பூர் வழியாகப் போய் வருகிறவர்கள் மசாலாப் பொட்டலத்தில் கசகசா இருக்கிறதா என்று பாருங்கள். சிங்கப்பூருக்குள் அது தடைசெய்யப்பட்ட பொருள். ஊறுகாய் ஜாடியைச் சுற்றிக்கட்டிப் பெரிய பெட்டியில் போடுங்கள். கொப்பரைத் தேங்காய் மட்டும் எந்தப் பையிலும் வேண்டாம். எண்ணெய் நிறைந்த அது தானாகவே சூடேறித் தீப்பிடிக்கக்கூடிய சரக்கு என்று விமானத் துறை வகைப்படுத்தியிருக்கிறது. அத்தை ஆசையாய்க் கொடுத்தாலும் துருவிப் பர்பி செய்து தரச் சொல்லுங்கள்.